வண்டி விற்பதற்கு இல்லை

வண்டியைப் பார்க்க வந்தவர் அதை மூன்று முறை சுற்றி வந்தார். பிறகு முன்சக்கரத்தைச் செருப்புக் காலால் ஒரு எத்து எத்தினார்.

"இதைக் காயலாங்கடைக்காரன்கூட யோசிச்சுத்தானுங்க எடுப்பான்" என்றார்.

அவரைக் கூட்டிவந்தது என் வீட்டுக்காரரின் அண்ணன். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் நாங்கள் குடியிருந்தது ஆறு வீடுகள் ஒரே வரிசையில் இருந்த லைன் வீடு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆறு வீட்டு ஜனமும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. என் வீட்டுக்காரர் மட்டும் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தூங்கவில்லை. தூங்குகிற ஆளுக்குக் கால் கட்டைவிரல் அப்படி ஆடாது.

வந்தவர் வண்டியை உதைத்தார். எடுக்கவில்லை. சட்டையின் கைமடிப்பை ஏற்றிவிட்டு மறுபடி உதைத்தார். பத்துப் பன்னிரண்டு உதை. வேர்த்துக் கொட்டியது. "பாத்தீங்களா? இஞ்சினே செத்துப்போச்சுங்க. நாளைக்கு உங்ககிட்ட யாராவது சும்மா குடுத்தாக்கூட வாங்காதீங்க" என்று அண்ணனிடம் சொன்னார். அண்ணன் அதற்கும் தலையாட்டினார்.

எனக்கு அதுவரை அழுகைதான் வந்துகொண்டிருந்தது. அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது.

"பெட்ரோல் டேப்பைத் திறக்காம உதைச்சா எந்த வண்டிங்க எடுக்கும்?" என்றேன்.

அவர் குனிந்து பார்ப்பதற்குள் நானே போய் டேப்பைத் திருப்பினேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சோக்கைத் தூக்கி, இரண்டு உதை. இரண்டாவது உதையில் பிடித்துக்கொண்டது. வண்டியை ஸ்டார்ட் பண்ண மட்டும் எனக்குத் தெரியும். காலையில் அவர் சட்டை போடுகிற நேரத்தில் வெளியே வண்டியைச் சூடாக்கி வைப்பது என் வேலையாக இருந்தது. நீலப் புகை, பார்க்க வந்தவர் முகத்துக்கே போனது.

"வண்டி விக்கதுக்கு இல்லீங்க" என்றேன்.

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "விக்காம என்ன செய்யப் போற? அவன் இனிமே வண்டியைத் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. பெறகு யாரு ஓட்ட?"

"நான் ஓட்டுதேன், அத்தான்."

வாசலில் யாரோ சிரித்தார்கள். அந்த நிமிஷம் வரை நான் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியவள் இல்லை. ஓட்டவேண்டும் என்று நினைத்ததும் இல்லை. வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகு, சொன்ன சொல்லை விட்டுவிட எனக்கு மனசில்லை.

நாங்கள் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷத்தில் வந்தோம். அவர் நூலைத் துணியாகப் பின்னுகிற நிட்டிங் கம்பெனியிலும் நான் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷினிலும் சேர்ந்தோம். அந்த வண்டி, நூறு சிசி டூ-ஸ்ட்ரோக், நாங்கள் திருப்பூரில் வாங்கிய முதல் பெரிய பொருள். எங்களுக்கு முன்பு அது ஓர் ஆளிடம்தான் இருந்தது, மடத்துக்குளத்து விவசாயி ஒருவரிடம். அவர் அதில் பால் கேன் கட்டுவதற்காகப் பின்னால் பற்றவைத்த இரும்புக் கொக்கிகள் இரண்டும் அப்படியே இருந்தன. வலது பக்கக் கொக்கியில் என் சாப்பாட்டுப் பை தொங்கும்.

வாங்கி ஒரு வருஷம் ஆகவில்லை. ஒருநாள் ஓடிக்கொண்டிருந்த நிட்டிங் மிஷினுக்கு முன்னால் அவருக்கு வலிப்பு வந்தது. பக்கத்து மிஷின்காரர் பிடித்து இழுத்திருக்காவிட்டால் கை உள்ளே போயிருக்கும். அடுத்த மாதம் வீட்டில் வந்தது. பெரியாஸ்பத்திரி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "மிஷின் பக்கம் நிக்கக் கூடாது, வண்டி ஓட்டவே கூடாது" என்றார். பின்னால் உட்கார்ந்து போகலாமா என்று நான்தான் கேட்டேன். ஹெல்மெட் போட்டு, ஓட்டுகிறவர் கவனமாக இருந்தால் போகலாம் என்றார். அந்தப் பதில் அன்றைக்கு எனக்குப் பெரிதாகப் படவில்லை.

அதன் பிறகு அவருக்கு ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை கிடைத்தது. நிட்டிங் ஓட்டிய ஆளுக்கு அட்டைப்பெட்டி மடிக்கிற வேலை. நாளுக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். வண்டியை விற்றுவிட்டால் மீதி இருக்கிற பேச்சும் நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றியது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "பொம்பளைக்கு மினுக்கு வேண்டியிருக்கு" என்றுதான் பதில் வந்திருக்கும்.

ஊருக்கு வடக்கே வீட்டுமனைக்குச் சைட் பிரித்துக் கல் நட்டுப் போட்டிருந்த வெறுங்காட்டில்தான் பழகினேன். அதற்காகவே இரண்டு சுடிதார் தைத்துக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் சுடிதார் போட்டது அப்போதுதான். முதல் ஞாயிறு அவர் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நான் தனியாகத் தள்ளிக்கொண்டு போனேன். கிளட்சை விட்டதும் வண்டி துள்ளி ஒரு சைட் கல்லில் மோதியது. வண்டி என் மேல் விழுந்தது. சைலன்ஸர் கெண்டைக்காலில் பட்டு உள்ளங்கை அகலத்துக்குத் தோல் பொசுங்கிவிட்டது. நொண்டிக்கொண்டு தள்ளி வந்தேன்.

அவர் காலைப் பார்த்தார். தேங்காயெண்ணெய் எடுத்துவந்து தடவினார். தடவிக்கொண்டே, "எந்தப் பக்கம் விழுந்த?" என்றார்.

"வலது பக்கம்."

"பிரேக் பெடல் வளைஞ்சிருக்கும். பாத்தியா?"

என் காலைப் பிடித்துக்கொண்டு வண்டியின் காலை விசாரிக்கிறாரே என்று கோபப்பட்டிருக்கலாம். எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அடுத்த ஞாயிறு அவரும் வந்தார். வேப்பமரத்தடியில் நின்று, "பாதி கிளட்சுலயே நில்லு. விட்ராத. இப்ப ஆக்ஸிலேட்டர்" என்று கத்தினார். ஆறு ஞாயிறு. ஏழாவது ஞாயிறு மூன்றாம் கியரில் காட்டைச் சுற்றிவந்து அவர் முன்னால் நிறுத்தி, "ஏறுங்க" என்றேன்.

அவர் ஏறவில்லை. "ஊருக்குள்ள போற வரைக்கும் நடந்து வாறேன்" என்றார்.

"ஊருக்குள்ள மட்டும் ஏறுவீங்களா?"

அவர் நடக்க ஆரம்பித்தார். என் பின்னால் உட்கார வெட்கம் என்று எனக்குப் புரிந்தது. நானும் அவரோடு வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். அப்படி ஒரு மாதம் தள்ளினோம்.

லைசென்ஸ் எடுக்கப் போன அன்று வரிசையில் இருந்த பெண்கள் எல்லாரும் கியர் இல்லாத வண்டியோடு நின்றார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, "இந்த வண்டியிலயா எட்டு போடப் போறீங்க?" என்றார். காலை ஊன்றாமல் ஒன்றுக்கு இரண்டு எட்டாகப் போட்டுக் காட்டினேன். "ஒண்ணு போதும்மா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "இப்ப கவர்மெண்டே சொல்லியாச்சு. ஏறுங்க" என்றேன். ஹெல்மெட்டை நானே அவர் தலையில் மாட்டினேன். திருப்பூரில் அப்போது ஓட்டுகிறவர்களே ஹெல்மெட் போடமாட்டார்கள். ஹெல்மெட் போட்டுக்கொண்டு பெண்டாட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து போகிற ஆளை எங்கள் தெரு பார்த்ததே இல்லை. டீக்கடையில் பேச்சு நின்றது. ஒரு ஆள் விசிலடித்தார். என் முதுகுக்குப் பின்னால் அவர் சுருங்கிச் சின்னதாகிப் போவது எனக்குத் தெரிந்தது. நான் ஹாரனை நீளமாக அடித்துக்கொண்டு போனேன்.

அடுத்த ஞாயிறு சர்ச்சுக்கும் அப்படியே போனோம். அங்கே ஒரு பெரியவர் பைபிளை அக்குளில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர்தான். "ஏம்மா, குடும்பத்துக்குத் தலை ஆம்பளதான. தலை பின்னால உக்காரலாமா?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"தலையைப் பத்திரமா கொண்டுவந்து சேத்திருக்கேன் ஐயா. அதுக்குத்தான் ஹெல்மெட்" என்றேன்.

சுற்றி நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரரும் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது, "உனக்கு வாய் ரொம்ப நீளுது" என்றார். ஆனால் இறங்கி நடக்கவில்லை.

பழைய வண்டி வைத்திருப்பது, வருஷம் முழுக்கச் சீக்காளியோடு குடித்தனம் நடத்துவது மாதிரி. இதை எழுதும்போது கை தயங்குகிறது, அவர் படிப்பார். படிக்கட்டும். இரண்டு சீக்காளிகளையும் நான்தான் பார்த்துக்கொண்டேன், இரண்டில் வண்டிதான் அதிகப் பிடிவாதம்.

ஒரு மழைக்காலத்தில் பெட்ரோல் வழிய ஆரம்பித்தது. கம்பெனி ரோட்டில் இருந்த மெக்கானிக்கிடம் விட்டேன். இரண்டு நாள் வைத்திருந்து கொடுத்தார். வழிவது நின்றிருந்தது. ஆனால் வண்டி முன்பு மாதிரி இழுக்கவில்லை, மேடு வந்தால் மூச்சு வாங்கியது. வீட்டில் அவர் குனிந்து கார்ப்ரேட்டரைத் தடவிப் பார்த்தார். அடிப்பக்கத்தில் முன்பு அவர் ஸ்பேனர் வழுக்கி ஒரு கீறல் விழுந்திருந்தது. அது இல்லை.

"இது நம்ம கார்ப்ரேட்டர் இல்ல" என்றார். "தேஞ்ச ஒண்ண மாட்டிக் குடுத்திருக்கான். விடு பிள்ள. போய்ச் சண்டை போட்டா நமக்குத்தான் அசிங்கம்."

நான் மறுநாள் லீவு போட்டேன். எங்கள் கம்பெனியில் சரக்கு அனுப்புகிற வாரத்தில் லீவு கேட்பது சூப்பர்வைசரைக் கன்னத்தில் அடிப்பதற்குச் சமம். அவருடைய பேச்சையும் வாங்கிக்கொண்டு மெக்கானிக் கடைக்குப் போனேன்.

"எங்க கார்ப்ரேட்டரைக் குடுங்க" என்றேன்.

"அம்மிணி, அதே கார்ப்ரேட்டர்தானுங்க. கழுவி மாட்டியிருக்கறன், புதுசாட்டம் தெரியுது. பொம்பளைங்களுக்கு இதெல்லாம் வெளங்காதுங்க. உங்க ஊட்டுக்காரரை வரச் சொல்லுங்க."

"அவர் வரமாட்டார். வண்டி என்னுது. நான் இங்கயே இருக்கேன்."

கடை வாசலில் ஒரு காலி ஆயில் டின் கிடந்தது. அதைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் கண்டுகொள்ளாமல் வேலை பார்த்தார். முதலில் ஒரு வாடிக்கையாளர் வந்தார். "என்னங்க, உக்காந்திருக்கீங்க?" என்று என்னைக் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அடுத்து ஒருவர் வந்தார். அவருக்கும் சொன்னேன். மெக்கானிக்கை ஒரு வார்த்தை திட்டவில்லை. கீறல் எங்கே இருந்தது, எந்த ஸ்பேனரால் விழுந்தது, இரண்டு நாள் வண்டி எங்கே நின்றது, அவ்வளவுதான். நாலாவது ஆள் வண்டியை ரிப்பேருக்கு விடாமல் அப்படியே திருப்பிக்கொண்டு போய்விட்டார். பதினொரு மணிக்குச் சாப்பாட்டுப் பையைப் பிரித்தேன். வேண்டுமென்றே மெதுவாகச் சாப்பிட்டேன்.

மத்தியானத்துக்கு முன்னால் மெக்கானிக் உள்ளே போனார். சாக்குக்கு அடியிலிருந்து எடுத்துவந்து என் முன்னால் நீட்டினார். கீறல் இருந்தது.

"மாறிப் போச்சுங்க" என்றார்.

"மாறுறது சகஜந்தான். மாட்டிக் குடுங்க."

அவர் மாட்டி முடிக்கும் வரை பக்கத்தில் நின்று பார்த்தேன். எந்த ஸ்க்ரூ முதலில், எது கடைசி, ஊசி எப்படி உள்ளே இறங்குகிறது, மிதவை எந்தப் பக்கம் பார்க்கவேண்டும். ஒவ்வொன்றும் மனசில் ஏறியது. ஓவர்லாக் மிஷினில் ஊசியும் அடியில் நூல் பிடிக்கும் லூப்பரும் ஒன்றுக்கொன்று இடித்துக்கொள்ளாமல் சந்திக்கவேண்டும். டைமிங் ஒரு நூலிழை தப்பினால் தையல் விடும். கம்பெனி மெக்கானிக் வருவதற்குள் அரை மணி நேரம் போய்விடும் என்று என் மிஷினை நானே சரிசெய்து பழகியிருந்தேன். இது ஒன்றும் அதைவிடப் பெரிய வித்தையாக எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு அந்த வண்டியை நான் வேறு எவர் கையிலும் கொடுக்கவில்லை.

பிளக்கைத் தேய்த்து மாட்டுவதில் ஆரம்பித்தேன். பிறகு செயின், பிரேக் ஷூ, கிளட்ச் ஒயர். பொறி விடுகிற பாயின்ட்டின் இடைவெளிக்குப் பழைய பிளேடு ஒன்றை வைத்து அளப்பேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "பத்தாம் நம்பர். இல்ல, ரிங் ஸ்பேனர எடு" என்று சொல்வார். சில நாள் நான் சொல்வது சரியாக இருக்கும், சில நாள் அவர். ஒருமுறை கிளட்ச் தட்டை நான் தலைகீழாக அடுக்கிவிட்டதாக அவரும் இல்லை என்று நானும் சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்டோம். பக்கத்து வீட்டில் குடும்பச் சண்டை என்று நினைத்துச் சமாதானம் சொல்ல வந்துவிட்டார்கள்.

சைலன்ஸருக்குள் இருக்கும் குழாயில் கரி அடைத்தபோது அதை எரித்துத்தான் எடுக்கவேண்டியிருந்தது. வாசலில் விறகு கூட்டிப் போட்டேன். கறுத்த புகை ஆறு வீட்டுக்குள்ளும் நுழைந்தது. வீட்டுச் சொந்தக்கார அம்மா, பெரிய தோட்டத்துக்காரர், மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏங்கண்ணு, என்ன கருமத்தைப் போட்டு எரிக்கறே? ஊட்டையே கொளுத்தீருவே போல இருக்குது! இதெல்லாம் ஆம்பளைங்க செய்யற வேலை."

"எங்க வீட்டு ஆம்பளைதாங்க செய்யச் சொன்னாரு" என்றேன்.

அந்த அம்மா அவரைப் பார்த்தார். அவர் உடனே, "இன்னும் ரெண்டு விறகு போடணுங்க, பத்தாது" என்றார். இத்தனை நாளில் மற்றவர்கள் முன்னால் அவர் என் பக்கம் பேசியது அதுதான் முதல் தடவை.

வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடிகிற சமயம் வந்தது. பதிவைப் புதுப்பிக்கவேண்டும், இல்லையென்றால் ரோட்டில் ஓட்டக் கூடாது. வண்டிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் இன்னும் மடத்துக்குளத்துக்காரர் பெயரே இருந்தது. வாங்கும்போது கையெழுத்துப் போட்ட தாள்கள் வீடு மாறியதில் எங்கோ போய்விட்டன. முதலில் பெயர் மாற்றவேண்டும், அதற்கு அவர் கையெழுத்து வேண்டும். புரோக்கர் ஒருவர், "இந்த வண்டிக்கு இவ்வளவு மெனக்கெடணுங்களா? உடைச்சுப் போட்டுட்டுப் புதுசு எடுங்க" என்றார். வீட்டுக்காரரின் அண்ணனும் அதையே சொன்னார். அத்தனை பேரும் ஒன்றையே சொன்னதால் நான் போவது என்று முடிவு செய்தேன்.

பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் வண்டியோடு போய் நிற்கவேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. அவரும் வருகிறேன் என்றார். அதிகாலையில் கிளம்பி, திருப்பூரைத் தாண்டி, பல்லடத்தில் இஞ்சின் ஆற நிறுத்தி டீ குடித்தோம். அங்கிருந்து உடுமலை ரோடு. இரண்டு பக்கமும் காற்றாலைகள், காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. வலிப்பு வருவதற்கு முன்னால் அவருக்குக் கருகின நூல் வாசம் வரும். வந்தால் என் தோளில் இரண்டு தட்டு தட்டவேண்டும். மாத்திரை ஒழுங்காகப் போனதில் ஒன்றரை வருஷமாக அது வரவே இல்லை. நானும் அந்த ஏற்பாட்டை மறந்தே போயிருந்தேன்.

உடுமலைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது தோளில் இரண்டு தட்டு விழுந்தது.

எப்படி நிறுத்தினேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. ஓரத்து மண்ணில் இறக்கி, ஸ்டாண்டுகூடப் போடாமல் வண்டியைச் சாயவிட்டு, அவரைத் தாங்கிப் புளியமரத்தடியில் படுக்கவைப்பதற்குள் உடம்பு வெட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றினேன். தலைக்கு என் பையை வைத்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்களும் ரோட்டில் போனவர்களுமாக ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

"சாவியக் கையில குடுங்க! இரும்பு, இரும்பு!" என்று ஒருவர் கத்தினார்.

இன்னொருவர் வண்டியிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்து அவர் விரல்களைப் பிரிக்கப் போனார். நான் அந்த ஆளின் கையைத் தட்டிவிட்டேன்.

"இரும்பு வேண்டாம். யாரும் தொடாதீங்க. தள்ளி நின்னு காத்து விடுங்க."

"ஏம்மா, நல்லதுக்குத்தானுங்க சொல்றோம்…"

"எனக்குத் தெரியும். அவர் என் புருஷன். தள்ளுங்க!"

அந்தக் குரல் எனக்கே புதுசாக இருந்தது. கூட்டம் இரண்டடி பின்னால் போனது. டாக்டர் சொன்னபடி அவரை ஒருக்களித்துத் திருப்பி, வாயிலிருந்து வழிந்ததைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதிகம் போனால் இரண்டு மூன்று நிமிஷம் இருக்கும். எனக்கு அது ஒரு ஷிப்ட் நீளம். அடங்கியது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், யார் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. ஆடு மேய்த்த அம்மா ஒருவர் தூக்குவாளியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சாவியைப் பிடுங்கியவர் அதை என்னிடம் நீட்டி, "பஸ் ஏத்தி உடட்டுங்களா? வண்டியை எங்க தோட்டத்துல நிறுத்திக்கலாம்" என்றார். நல்ல மனுஷர்தான். அவர் கையைத் தட்டியதற்காக மன்னிப்புக் கேட்டேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே இருந்தோம். அவர் ஹெல்மெட்டை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"திரும்பிப் போவோமா?" என்று கேட்டேன். பயத்தில் எனக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"உன் கை நிக்கட்டும். பெறகு மடத்துக்குளம் போவோம்" என்றார். "தட்டினேன், நிறுத்திட்ட. பெறகென்ன."

முப்பதைத் தாண்டாமல் ஓட்டினேன். ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். கடைசியில் அவரே, "ரோட்டைப் பாரு" என்று அதட்டினார்.

மடத்துக்குளத்துக்காரர் கரும்புத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். மண்வெட்டியோடு வரப்பேறி வந்தவர் எங்களைப் பார்ப்பதற்கு முன்னால் வண்டியைப் பார்த்தார்.

"அட, இது இன்னும் ஓடுதுங்களா?" என்று கொக்கியைத் தொட்டுப் பார்த்தார். "வாங்க, வாங்க. மொதல்ல மோர் குடிங்க."

மோர் குடித்ததும் வந்த காரியத்தைச் சொன்னேன். அவருக்கு மறுப்பு ஒன்றும் இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாள்களை வாங்கிப் பார்த்தார். வாங்குபவர் பெயர் இருந்த இடத்தில் பேனா நின்றது.

"ஏனுங்க, இதுல அம்மிணி பேரு போட்டிருக்குதுங்களே. உங்க பேர்லதானுங்களே மாத்தோணும்? தப்பா எழுதிப்போட்டாங்களாட்ட இருக்குது."

என்னைக் கேட்கவில்லை. அவரைப் பார்த்துத்தான் கேட்டார். எனக்குப் பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அன்றைக்கு நான் நிறையப் பேசிவிட்டேன், களைத்தும் போயிருந்தேன். தாளில் அந்தப் பெயரை நான் எழுதியபோது அவரிடம் கேட்கவும் இல்லை. அவர் என்ன சொல்வாரோ என்று மோர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் சட்டையில் இன்னும் புளியமரத்தடி மண் ஒட்டியிருந்தது. உதட்டோரம் கடிபட்டு வீங்கியிருந்தது. வார்த்தை தெளிவாக வரவில்லை, இருந்தாலும் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்.

"தப்பில்லீங்க. அவ பேர்லயே போடுங்க. எனக்கு வலிப்பு உண்டு, நான் ஓட்டக் கூடாது. அவதான் ஓட்டுதா. ரிப்பேரும் அவதான் பாக்குதா. வண்டி அவளோடது."

வலிப்பு என்ற வார்த்தையை அவர் வெளி ஆளிடம் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதை மறைக்கத்தான் கம்பெனி மாறினார், சர்ச்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார், அண்ணன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். மடத்துக்குளத்துக்காரர், "அப்படீங்களா" என்று மட்டும் சொல்லி, தாளை முழங்காலில் வைத்து, மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். மத்தியானம் சாப்பிடாமல் விடமாட்டேன் என்று பிடித்து வைத்துக்கொண்டார். சாப்பிட்டு, அவர் இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்த பிறகுதான் கிளம்பினோம்.

மறு வாரம் டாக்டரிடம் போய் மாத்திரையின் அளவைக் கூட்டிவாங்கினோம். "இனி நெடுந்தூரம் வேண்டாம்" என்றார் டாக்டர். அதை மட்டும் நான் எதிர்த்துப் பேசவில்லை.

ஆர்டிஓ ஆபீஸில் வண்டியைக் காட்ட நான் பத்து நாள் வேலை பார்த்தேன். பிரேக், ஹாரன், விளக்கு, அதிர்வில் தளரும் இஞ்சின் போல்ட்டு, ஒன்று விடவில்லை. வண்டிச் சட்டத்தில் பொறித்திருந்த சேஸ் நம்பர் மேல் பதினைந்து வருஷத்து அழுக்கு. மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்து, எண்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தபோது அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைத் தானே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். இறங்கி வந்து, "எந்த மெக்கானிக் பாத்தது?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

அவர் கையை என் பக்கம் நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். என் நகக்கண்ணில் இருந்த கிரீஸைப் பார்த்தார். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் இன்னும் ஐந்து வருஷம் என்று எழுதிக் கொடுத்தார்.

புதுப் புத்தகம் கைக்கு வந்த அன்று இரண்டு பேரும் கம்பெனிக்கு லீவு போட்டிருந்தோம். வீட்டுக்குத் திரும்பும் வழியில், திருப்பூர் மெயின் ரோட்டிலேயே, கம்பெனி வேன்களும் டவுன் பஸ்ஸும் நெருக்கியடிக்கிற இடத்தில் செயின் கழன்றுவிட்டது. ஓரம்கட்டி ஸ்டாண்ட் போட்டேன். பைக்கில் போன ஒருவர் நிறுத்தினார். "என்னாச்சுங்க? நகருங்க, நான் போட்டுத் தாறனுங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

"வேண்டாங்க, அவ போட்டுருவா" என்றார் அவர். வெயிலுக்கு என் மேல் நிழல் விழுகிற மாதிரி நகர்ந்து நின்றுகொண்டார்.

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினேன். செயினைப் பின் பல்சக்கரத்தில் ஏற்றி, சக்கரத்தைக் கையால் உருட்டினேன். முதல் தடவை நழுவியது. நிறுத்தியவர் போகாமல் பார்த்துக்கொண்டே நின்றார். இரண்டாம் தடவை, 'டக்'கென்று உட்கார்ந்துகொண்டது.